கைதட்டலுக்குப் பின்

மார்ச் 8 அன்று நம் பள்ளிகளில் மகளிர் நாள் விழா நடைபெறுகிறது. மாணவியர் மேடையேறிப் பேசுகின்றனர், மாணவர் கைதட்டுகின்றனர். அத்துடன் மாணவரின் கடமை முடிந்துவிடுகிறதா? புதுக்கோட்டை வரலாறு வேறு பாடம் புகட்டுகிறது.

1886-இல் அங்குப் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் சேர விழைந்தார். ஒரு பெண்ணின் வருகையால் இளைஞர் ஒழுக்கம் சிதையும் என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னரோ எதிர்ப்பைப் புறந்தள்ளி இடமளித்தார். அம்மாணவி 1912-இல் மருத்துவரானார். சென்னைச் சட்டமன்ற மேலவையின் முதல் பெண் உறுப்பினரானார். அங்கிருந்த ஆண்களே அவரைத் துணைத் தலைவராக ஒருமனதாய்த் தேர்ந்தனர். சிறுமியருக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து அவர் அவையில் எழுப்பிய குரல், 1947-இல் சட்டமாகக் கனிந்தது. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையும் அவர் முயற்சியால் எழுந்தது.

அன்று அந்த வகுப்பறைக் கதவு அடைபட்டிருந்தால், இழப்பு அவருக்கு மட்டுமா? எண்ணற்ற சிறுமியருக்கும் நோயாளருக்கும் அன்றோ!

பெற்றோரே, விழா முடிந்து வீடு திரும்பும் நம் மகனிடம் ஒன்று கேட்போம்: "நாளை வகுப்புத் தலைவர் தேர்தலில் தகுதியுள்ள மாணவி நின்றால், உன் வாக்கு யாருக்கு?" அவன் விடையில்தான் விழாவின் பயன் தெரியும்.