மாடு தொலைந்தால் விலை யார் கொடுப்பது?

கரிசலில் ஈரம் இருக்கும்வரை தடம் அழியாது. ஐப்பசி மழைக்குப் பின் ராவோடு ராவாக ஒருவன் ஒரு ஜோடி மாட்டை ஓட்டிப்போனால், குளம்பு பதிந்த இடமெல்லாம் விடியும்போது கிண்ணம் கிண்ணமாகத் தெரியும். ஒட்டப்பிடாரம், எட்டயபுரம், கோவில்பட்டிச் சீமையில் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போவது அந்தக் காலத்துக் காவல்காரன் வேலை. கண்டுபிடித்தால் மாட்டைக் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் மாட்டின் விலையைத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். இதற்காகத்தான் சம்சாரி விளைச்சலில் ஒரு பங்கை அவனுக்கென்று ஒதுக்கினான்.

காவல் முறையின் உயிர் இந்த ஈட்டுப் பொறுப்பில்தான் இருந்தது. காவல்காரனுக்குத் தன் கூலி முக்கியம். சம்சாரிக்குத் தன் பயிரும் மாடும். ஒருவன் நலம் மற்றவன் உரிமையோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. ஊருக்குள் ஒருவருக்கொருவர் காட்டிய இரக்கமும் அந்த முடிச்சின் பலத்தில்தான் நின்றது. கட்டபொம்மன் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சியின் கதையைப் போர்க்கதையாகவே கேட்டுப் பழகிய நமக்கு, அந்த முடிச்சு அவிழ்ந்த கதை அவ்வளவாகத் தெரியாது.

காவலுக்கு வரி என்பது பழைய ஏற்பாடு. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளிலேயே ‘பாடிகாவல்’ வருகிறது. 16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சியில் 72 பாளையங்கள் அமைந்தன என்பது மரபு. விசுவநாத நாயக்கர், தளவாய் அரியநாத முதலியார் பெயரோடு அது பேசப்படுகிறது. பாளையக்காரர் காலத்தில் காவல் இரண்டு வகையாக நிலைத்தது. ஒரு கிராமத்தின் வீட்டையும் வயலையும் காப்பது ஸ்தலக்காவல். பெரிய வட்டாரத்தையும் அதன் பாதைகளையும் காப்பது திசைக்காவல்.

சிக்கல் திசைக்காவலில் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபின் பிடி தளரத் தளர, பாளையக்காரர்கள் தங்கள் எல்லைக்கு வெளியே இருந்த சர்க்கார் கிராமங்களிலும் காவல் பணம் கேட்டார்கள். கொடுக்காத ஊருக்குக் கொள்ளை பயம். யாரிடம் பயமோ அவரிடமே காவலும் வாங்க வேண்டிய நிலை. தொலைந்த மாட்டுக்கு விலை கேட்கும் துணிவு அந்தக் கிராமத்துக்கு எங்கிருந்து வரும்? கூலி வாங்குவது தொடர்ந்தது, ஈடு போய்விட்டது.

கம்பெனி கலெக்டர் லூஷிங்டன் இந்த முறைகேட்டைக் கடுமையாக எழுதினார். அவர் சொன்னதை வெறும் வெள்ளைக்காரன் புளுகு என்று தள்ளிவிட முடியாது. சம்சாரியின் வலி அதில் இருக்கிறது. ஆனால் எழுதியவர் வரி வசூலிக்க வந்தவர். 1792 ஒப்பந்தப்படி பாளையக்காரரிடம் பேஷ்குஷ் எனும் கப்பம் வாங்கும் அதிகாரம் கம்பெனிக்கு வந்திருந்தது. சம்சாரி காவலுக்கு அளந்த தானியம், கம்பெனியின் கண்ணில் கிஸ்திக்கு வராமல் போன தானியம்.

பாஞ்சாலங்குறிச்சியில் இது சண்டையாக முடிந்தது தெரிந்ததே. 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனோடு கட்டபொம்மன் நடத்திய பேச்சு கைகலப்பில் முடிந்தது. 1799 செப்டம்பரில் பானர்மேன் தலைமையில் கம்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்கு வந்தது. அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பிற்காலத்தில் ம.பொ.சி. அவரை வீரராக எழுதினார். தமிழ்வாணன் கொள்ளைக்காரன் என்று எழுதினார். அந்த எழுத்து வாதத்தில் இரு தரப்பும் ஒரே வசூலைத்தான் பார்த்தார்கள். அது உரிமைக் கூலியா, பறிப்பா என்பதை ஊர் ஊராக, ஈடு கிடைத்ததா என்று கேட்டுத்தான் தீர்க்க முடியும்.

1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, கோட்டையைச் சில நாளில் மீண்டும் எழுப்பினார். மே 24இல் அது விழுந்தது. அந்தப் போரில் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் ஒரு சம்பவத்தை எழுதினார். பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடி வந்த ஒரு தாய், அவன் குற்றுயிராகக் கிடப்பதைக் கண்டாள். தன்னை விட்டுவிட்டு, பக்கத்தில் காயத்தோடு கிடந்த ஊமைத்துரையைக் காப்பாற்றச் சொன்னான் மகன். பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கம்பெனி பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, அவர்மேல் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்தார்கள். அம்மை கண்டு செத்துவிட்டான் என்றார்கள். வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து ஓடினார்கள்.

பெற்ற மகனை விட்டுவிட்டுத் தன் தலைவனைத் தூக்கிய அந்தத் தாயின் செயலை எந்தக் காவல் கணக்கிலும் எழுத முடியாது. கூலியும் ஈடும் பேசிய ஒரு முறைக்கு அடியில், அளந்து கொடுக்காத அன்பும் ஓடியிருக்கிறது. அதே வேளையில், திசைக்காவலுக்குப் பயந்த கிராமத்துத் தாய்மாரும் அதே கரிசலில்தான் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கோட்டை தரைமட்டமானது. திசைக்காவல் உரிமையைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1816இல் கிராமப் போலீஸ் ஒழுங்குச் சட்டம், 1859இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தன. காகிதத்தில் காவல் முடிந்தது, கிராமத்தில் முடியவில்லை. போலீஸ்காரர் புகாரை எழுதிக்கொள்வார், ஆனால் தொலைந்த மாட்டுக்கு விலை தரமாட்டார். 19ஆம் நூற்றாண்டு முழுக்க நெல்லைச் சீமையில் சம்சாரி வரியும் கட்டினான், பழைய காவல்காரனுக்கும் அளந்தான். திருட்டை மீட்டுத் தர ‘துப்புக்கூலி’ என்று தனியாகவும் ஒரு பேரம் நடந்தது. சில இடங்களில் திருடியவனும் துப்புச் சொன்னவனும் ஒரே ஆள்.

சில சாதிகளையே குற்றவாளிகளாகப் பதிவு செய்த, 1911இல் திருத்தப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊர்வாயில் அதற்குப் பெயர் ரேகைச் சட்டம். தடம் பிடித்துப் போனவர்களின் பேரன்மார் பலர், மை தடவி விரலைப் பதித்துவிட்டு, ராத்திரியில் போலீஸ் கண்ணில் படும்படி படுக்க வேண்டியிருந்தது. 1947இல் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் நீங்கியது.