கட்டளையும் பதிலும் ஒரே தாளில்



போன கிழமை கணினிக் கூடத்தில் தரம் 11 பிள்ளை ஒன்று கேட்டது: "சேர், நேற்று இந்தக் கருப்புத் திரையில என்ன அடிச்சேன், அது என்ன சொல்லிச்சு என்று மறந்து போச்சு. எங்க போய்ப் பார்க்கிறது?" சின்னக் கேள்விதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1970களின் தொடக்கத்தில் யுனிக்ஸ் கணினியோடு பேசியவர்களுக்குத் திரை கிடையாது. டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம்தான். அடித்த கட்டளையும் கணினி தந்த பதிலும் தாள் சுருளில் பதிந்தன. செக்கனுக்கு 10 எழுத்துத்தான் அச்சாகும். ஆனாலும் மறுநாள் தாளை விரித்துப் பார்க்கலாம்.

பிறகு திரை வந்தது. 1978இல் வெளிவந்த விடி100 முனையத்தில் 24 வரிகள். வேகம் கூடியது, மேலே போன வரி போனதுதான். தாளோடு சேர்ந்து நினைவும் போய்விட்டது.

அதை மீட்டுத் தந்தது உரை எழுதும் மென்பொருள். 1976இல் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் ஸ்டால்மன் போன்றோர் ஈமாக்ஸை உருவாக்கினர். பின்னாளில் ஜாவா மொழியைத் தந்த ஜேம்ஸ் கோஸ்லிங், 1981இல் யுனிக்ஸுக்கென ஓர் ஈமாக்ஸ் எழுதினார். அதில் ஒரு சாளரத்தில் எழுதிக்கொண்டே இன்னொரு சாளரத்தில் ஷெல்லை இயக்க முடிந்தது. ஆனால் அது ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. விரும்பியபடி பகிர வழியில்லாமல் போனது. அதனால் ஸ்டால்மன் க்னூ ஈமாக்ஸைப் புதிதாக எழுதி 1985இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார். இன்று நமது பிள்ளைகள் ஒரு சதமும் கொடுக்காமல் அதைப் பாவிக்கலாம்.

செய்முறை இலகு. ஆல்ட் விசையோடு எக்ஸை அழுத்தி, shell என்பதன் ஐந்து ஆங்கில எழுத்துகளை அடித்து என்டர் தட்டினால் போதும். சாளரத்துக்குள் ஷெல் திறக்கும். அங்கே கட்டளையும் பதிலும் சாதாரண எழுத்துத்தான். தேடலாம், வெட்டி ஒட்டலாம், கோப்பாகச் சேமிக்கலாம். ஷெல்லில் உள்ள பழைய கட்டளைப் பட்டியல் நாம் அடித்ததை மட்டுமே காட்டும். இங்கே பதிலும் பக்கத்திலேயே நிற்கும். முழுத் திரையையும் பிடிக்கும் நிரல்கள் மட்டும் இதில் சரியாக ஓடாது.

இந்த யோசனை பழசாகவில்லை. 2016இல் விஷுவல் ஸ்டூடியோ கோடும், 2018இல் விம் 8.1உம் தமக்குள் முனையச் சாளரத்தைச் சேர்த்துக்கொண்டன.

திரியாய் மலைப் பாறையில் ஆயிரம் வருடங்களுக்கு முன் வெட்டிய எழுத்து இன்னும் நிற்கிறது. நேற்று நமது பிள்ளை அடித்த வரி இன்று இல்லை. பிழை விட்டது குற்றமில்லை. எங்கே விட்டோம் என்று தெரியாவிட்டால் திருத்துவது எப்படி?

அந்தப் பிள்ளை இப்போது ஒவ்வொரு நாள் பாடத்தையும் திகதி போட்டுச் சேமிக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். தெரியாவிட்டால் அனுப்பி வையுங்கள்; இன்ஷா அல்லாஹ், சேர்ந்தே படிப்போம்.