தொடும் கைகளும் தள்ளிவைக்கப்படும் தட்டும்: செவிலியர் பணியின் சாதி வரலாறு

சென்ற ஆண்டு களப்பணிக்காக ஒரு தனியார் முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தோம். முப்பது படுக்கைகள். பாதிப் பேர் எழுந்து நடக்க முடியாதவர்கள். வெள்ளைக் கோட்டு போட்ட செவிலியர் ஒருவர் ரத்த அழுத்தம் பார்த்தார், மாத்திரை கொடுத்தார், நோட்டில் எழுதினார். நீலச் சேலை கட்டிய நான்கு பெண்கள் டயாப்பர் மாற்றினார்கள், குளிப்பாட்டினார்கள், படுக்கைப் புண்ணைத் துடைத்தார்கள், சோறு ஊட்டினார்கள். அந்த நான்கு பேரும் பக்கத்துக் காலனியிலிருந்து வருகிறவர்கள். அவர்களுடைய தட்டும் டம்ளரும் சமையலறைக்கு வெளியே ஜன்னல் திண்டில் இருந்தன.

"எங்க கையால ஊட்டுனா வாங்கிக்கிறாங்க தம்பி. எங்க தட்டு மட்டும் உள்ள வரக் கூடாது" என்றார் அவர்களில் மூத்த அக்கா.

இதைத் தனிப்பட்ட ஒரு நிர்வாகியின் கெட்ட குணம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் சமூகவியல் படித்தவர்களாகவும் சாதி ஒழிப்பில் நிற்பவர்களாகவும் நாம் அப்படி நகர முடியாது. அந்த ஜன்னல் திண்டுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

செவிலியர் பணி என்பது அடிப்படையில் தொடும் வேலை. ரத்தம், சீழ், மலம், சிறுநீர் ஆகியவற்றோடு அன்றாடம் புழங்கும் வேலை. சாதி அமைப்போ யார் யாரைத் தொடலாம் என்பதன் மேல் கட்டப்பட்டது. ஆகவே இந்த நாட்டில் நோயாளியைப் பராமரிக்கும் வேலை தொடக்கத்திலிருந்தே சாதிப் பிரச்சினையாகத்தான் இருந்தது.

மருத்துவமனைகள் வருவதற்கு முன்பு பிரசவம் பார்த்தவர்கள் யார்? தமிழகக் கிராமங்களில் பெரும்பாலும் நாவிதர் சமூகத்தைச் சேர்ந்த மருத்துவச்சிகள். வட இந்தியாவின் பல பகுதிகளில் தலித் பெண்களான தாய்கள். தொப்புள்கொடி அறுப்பதும் நஞ்சுக்கொடி புதைப்பதும் 'தீட்டு' என்பதால் அந்த வேலை அவர்கள் தலையில் கட்டப்பட்டது. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவு அது. அதற்குக் கூலியாகக் கிடைத்தது தானியமும் பழைய துணியும். குழந்தையை முதலில் தொட்ட அதே கை, பிறகு அந்த வீட்டுப் பானையைத் தொடக் கூடாது.

நவீன செவிலியர் பயிற்சி சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-இல் தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் அது பட்டப் படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. இந்தப் படிப்புக்கு ஆதிக்க சாதிக் குடும்பங்கள் தங்கள் பெண்களை அனுப்பத் தயங்கின. அந்நிய ஆணின் உடம்பைத் தொடுவது, எல்லாச் சாதி நோயாளியின் கழிவையும் அள்ளுவது, இரவுப் பணி ஆகியவை எல்லாம் 'குடும்பப் பெண்ணுக்கு' ஆகாதவை என்றார்கள். அதனால் முதல் தலைமுறைச் செவிலியர்களில் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறித்தவப் பெண்களும் மிகுதி. மிஷன் மருத்துவமனைகள் பல ஏழைப் பெண்களுக்குப் படிப்பும் சம்பளமும் தந்தன என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. அதே நேரத்தில், இந்த வேலை நீண்ட காலம் மதிப்புக் குறைவாகப் பார்க்கப்பட்டதற்கு அதில் ஒட்டிக்கொண்டிருந்த தீட்டுக் கருத்தே முக்கியக் காரணம் என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

இந்தத் தீட்டுக் கருத்தை எதிர்த்து நின்றவர்களும் உண்டு. 1897-இல் புனே பகுதியில் பிளேக் பரவியபோது, சாவித்திரிபாய் பூலே தன் மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை மையத்தில் நோயாளிகளைப் பராமரித்தார். நோய் கண்ட ஒரு மகார் சிறுவனைத் தானே சுமந்து அங்கே கொண்டு சேர்த்தார். அந்த நோயே அவரைத் தொற்றியது. 1897 மார்ச் 10 அன்று இறந்தார். அவரை ஆசிரியராக மட்டும் கொண்டாடுகிறோம். செவிலியராகவும் நினைவுகூர வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பது கத்தியவாரில் நடந்த ஒரு நிகழ்ச்சி. 1929-இல் 'யங் இந்தியா' இதழில் ஒரு தலித் பள்ளி ஆசிரியர் கடிதமாக எழுதியது அது. அம்பேத்கர் தன் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் அதை எடுத்துச் சொல்கிறார். பிரசவித்த மனைவிக்கு உடல்நிலை மோசமாகிறது. சேரிக்குள் வர மருத்துவர் மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் பணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகு, நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவர வேண்டும் என்கிறார். வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார். கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் அது திரும்புகிறது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து நிமோனியா என்கிறார் மருத்துவர். அந்தப் பெண் இறந்துபோனார். மருந்து இருந்தது, மருத்துவர் இருந்தார், தொடும் கை இல்லை. விடுதலைக்குப் பிறகு அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்ததும், 1955-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதைத் தனிக் குற்றமாக்கியதும் இத்தகைய சாவுகளின் பின்னணியில்தான்.

சட்டங்கள் செவிலியர் தொழிலுக்கும் வந்தன. சென்னை மாகாணத்தில் 1926-இல் செவிலியர், மருத்துவச்சிகள் பதிவுச் சட்டம். 1947-இல் இந்தியச் செவிலியர் கவுன்சில் சட்டம். 1946-இல் வெளிவந்த போர் குழு அறிக்கை, 43 ஆயிரம் பேருக்கு ஒரு செவிலியர்தான் இருப்பதாகக் கணக்குச் சொன்னது. பயிற்சியும் பதிவும் பட்டமும் வந்தபோது தொழிலுக்கு மதிப்பு வந்தது. வெளிநாட்டு வேலை வந்ததும் மதிப்பு இன்னும் கூடியது. செவிலியர்கள் போராடிப் பெற்ற மதிப்பு அது. அதில் நமக்கு மகிழ்ச்சியே.

ஆனால் தீட்டு எங்கே போனது? ஒழியவில்லை, கீழே இறங்கியது. பெட் பேன் எடுப்பது, உடம்பு துடைப்பது, பிணத்தைக் கழுவுவது ஆகியவை சான்றிதழ் இல்லாத ஆயாவின் வேலையாயின. நாங்கள் போன இடங்களில் எல்லாம் அந்த வேலையில் பெரும்பாலும் பட்டியல் சாதிப் பெண்களையே பார்த்தோம். சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையும் பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936-இல் சொன்னார். ஒரு மருத்துவமனை வார்டில் அரை நாள் நின்றால் அது கண்ணுக்குத் தெரியும்.

மேல்படியில் இருப்பவர்களும் நிம்மதியாக இல்லை. தமிழ்நாட்டில் 2015-இல் தேர்வு எழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்த அரசுச் செவிலியர்கள் 7,700 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த குழு, சிறிய தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு 20 ஆயிரம் ரூபாய் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பட்டம் பெற்றவருக்கே இந்த நிலை என்றால், பட்டமில்லாத ஆயாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இப்போது முதியோர் பராமரிப்பு பெரிய சந்தையாகிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் தமிழக மக்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும். இடத்தை நிரப்புவது தனியார் இல்லங்களும் ஆள் அனுப்பும் ஏஜென்சிகளும். 2007-ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாக, குறைந்தது 150 ஏழை முதியவர்கள் தங்கும் இல்லம் பற்றிப் பேசுகிறது. ஆனால் மாநில அரசு அதை 'அமைக்கலாம்' என்றுதான் எழுதியிருக்கிறது, 'அமைக்க வேண்டும்' என்று இல்லை. அந்த ஒரு சொல்லில் ஏழை முதியவரின் உரிமை நழுவிவிடுகிறது.

நமக்கு முன்னால் உள்ள கேள்வி இதுதான்: மற்றவர்களின் பெற்றோரைத் துடைத்துக் குளிப்பாட்டிய இந்த அக்காக்கள் முதுமையடைந்தால் அவர்களை யார் பார்ப்பார்கள்? பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. மிஞ்சுவது மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை. அவர்கள் வேலை பார்த்த இல்லத்தில் ஒரு நாள் தங்கக்கூட அது போதாது.

ஆய்வு செய்யப்போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதியோர் இல்லங்களுக்குப் போகும்போது தங்கியிருப்பவர்களிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். யார் கழிவை அள்ளுகிறார்கள், என்ன சம்பளம், எத்தனை மணி நேரம், கையுறை உண்டா, எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். எழுதிவையுங்கள். குறைந்தபட்சக் கூலி, இ.எஸ்.ஐ., வேலை அனுபவத்தை அங்கீகரிக்கும் பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்கும் சங்கத்துக்கு அந்தக் குறிப்புகள்தான் அடித்தளம்.

புறப்படும்போது அந்த அக்காவிடம், வயதான காலத்தில் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டோம். சிரித்தார். "கை ஓடுற வரைக்கும் இங்கதான். அதுக்கப்புறம் இந்த வாசல்ல என்னைய விடுவாங்களா?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. அந்தப் பதிலை உருவாக்குவதுதான் நம் வேலை.