ஹோண்டா முனை: பின்தொடர்தல் பற்றிச் சில குறிப்புகள்

கப்பல் விபத்துகளைப் பற்றி எழுதுகிறவர்கள் மூடுபனியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுச் சுலபமாக விலகிக்கொள்கிறார்கள். மூடுபனிக்கு வாய் கிடையாது, மறுத்துப் பேசாது. 1923 செப்டம்பர் 8-ந் தேதி இரவு, கலிபோர்னியாவின் ஹோண்டா முனையில் அமெரிக்கக் கடற்படையின் ஏழு டெஸ்ட்ராயர்கள் சில நிமிஷங்களுக்குள் பாறைகளில் ஏறி அழிந்ததும் பெரும்பாலும் இப்படித்தான் சொல்லப்பட்டு வருகிறது. யுத்தம் இல்லாத காலத்தில் அந்தக் கடற்படை ஒரே சம்பவத்தில் இத்தனை கப்பல்களை இழந்தது வேறெப்போதும் இல்லை. இறந்தவர்கள் 23 பேர். மூடுபனி இருந்தது, வாஸ்தவம்தான். ஆனால் அன்று கப்பல்கள் ஒன்றன் பின் ஒன்றாக, முன்னால் போகும் கப்பலைப் பார்த்துக்கொண்டு வரிசையில் வந்தன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அன்று காலை ஸான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஸான்டியாகோவுக்கு 14 டெஸ்ட்ராயர்கள் புறப்பட்டன. எல்லாம் முதல் உலக யுத்தத்தை ஒட்டிக் கட்டப்பட்டவை. நாலு புகைபோக்கிகளும், 314 அடி நீளத்தில் ஒடுங்கிய உடலும், மெல்லிய தகடும் கொண்டவை. செலவைக் குறைப்பதற்காக அதிவேக ஓட்டங்கள் சில வருஷங்களாகவே கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. இந்தப் பயணத்துக்கு மட்டும் 20 நாட் வேகத்துக்கு அனுமதி. எஞ்சின்களின் திறமையைச் சோதிக்கும் ஓட்டம் இது. வேகத்தைக் குறைத்தால் சோதனை கெட்டுவிடும் என்ற எண்ணம் புறப்படும்போதே கப்பலில் ஏறிக்கொண்டது.

முன்னால் போனது டெல்ஃபி. அதில்தான் அணியின் தலைவர் கேப்டன் எட்வர்ட் வாட்ஸன் இருந்தார். டெல்ஃபியின் தலைவரான லெப்டினன்ட் கமாண்டர் டொனால்ட் ஹண்ட்டர் வழி காட்டும் பொறுப்பையும் தாமே எடுத்துக்கொண்டிருந்தார். முற்பகலில் பீஜியன் பாயின்ட் கலங்கரை விளக்கத்தைக் கண்ணால் பார்த்து இருப்பிடத்தை உறுதி செய்துகொண்டார்கள். அதற்கப்புறம் கரை தெளிவாகப் புலப்படவே இல்லை. கடிகாரம், திசைகாட்டி, வேகம் இம்மூன்றையும் வைத்துக்கொண்டு எத்தனை தூரம் வந்திருப்போம் என்று மனசால் போடும் கணக்குத்தான் மிச்சம். மாலுமிகள் இதை டெட் ரெக்கனிங் என்பார்கள். பழைய வித்தை, மதிப்புள்ள வித்தை. கப்பலுக்கு அடியில் ஓடும் நீரோட்டத்தை மட்டும் அந்தக் கணக்கால் பார்க்க முடியாது.

இதற்குப் போட்டியாகப் புதிதாக ஒன்று வந்திருந்தது. ஆர்க்வெல்லோ முனையில் ஒரு ரேடியோ நிலையம். கப்பல் அனுப்பும் சமிக்ஞை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அளந்து, அதைக் கப்பலுக்குத் திருப்பிச் சொல்லும். இதில் ஒரு சிக்கல் உண்டு. அக்காலத்துக் கருவி கொடுத்தது ஒரு கோடு மட்டுமே. கோட்டுக்கு இரண்டு முனைகள். நீ எனக்கு வடக்கே இருக்கிறாயா, தெற்கே இருக்கிறாயா என்பதைக் கருவி தீர்மானமாகச் சொல்லாது. பிற்பகலில் நிலையம் ஒரு திசை சொல்லிற்று. அதன்படி டெல்ஃபி ஏற்கெனவே நிலையத்துக்குத் தெற்கே போயிருக்க வேண்டும். அது நடக்காத காரியம் என்று கப்பலில் தெரியும். மறுபக்கத்துத் திசையைக் கேட்டு வாங்கினார்கள், அது கணக்கோடு ஒத்துப்போயிற்று. அந்தச் சமயத்தில் மனிதக் கணக்கு ஜெயித்தது, கருவி தோற்றது.

பிற்பாடு நேர்ந்த எல்லாவற்றுக்கும் விதை அந்தச் சின்ன வெற்றிதான் என்று நான் நினைக்கிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் நிலையம் மறுபடியும் திசை சொல்லிற்று: நீங்கள் இன்னும் எனக்கு வடமேற்கே இருக்கிறீர்கள். கணக்கோ, ஆர்க்வெல்லோ முனையைத் தாண்டும் நேரம் வந்துவிட்டது, கிழக்கே திரும்பி ஸான்டா பார்பரா கால்வாய்க்குள் நுழையலாம் என்றது. இந்தத் தடவை கருவி சொன்னது சரி. ஆனால் மத்தியானம் ஒரு முறை திருத்தப்பட்ட சாட்சியின் வார்த்தையை ராத்திரியில் யார் மதிப்பார்கள்? ஒரு தடவை தான் சொன்னது பலித்துவிட்டது என்ற நினைவு, அறியாமையை விட ஆபத்தானது. அறியாதவன் நின்று விசாரிப்பான். நின்றிருந்தால் போதும். வேகத்தைக் குறைத்து, கயிற்றை இறக்கி ஆழம் பார்த்திருந்தால் கரை நெருங்குகிறது என்று கடலே சொல்லியிருக்கும். 20 நாட் வேகத்தில் ஆழம் பார்க்க முடியாது. சோதனை ஓட்டமோ கெடக் கூடாது.

ஒன்பது மணிக்கு டெல்ஃபி கிழக்கே திரும்பிற்று. ஐந்து நிமிஷம் கழித்துப் பாறையில் மோதிற்று. பின்னால் எஸ்.பி. லீ, யங், உட்பரி, நிக்கலஸ், ஃபுல்லர். சில இடது பக்கம் திரும்பப் பார்த்தன, சில வலது பக்கம். எந்தப் பக்கமும் பாறைதான். ஃபாரகட், ஸோமர்ஸ் இரண்டும் உரசிவிட்டு மீண்டன. சான்ஸி உதவப் போய்த் தானும் சிக்கியது. வரிசையின் பின்பகுதியில் வந்த ஐந்து கப்பல்கள் மட்டும் சேதமில்லாமல் வெளியே நின்றுகொண்டன.

இந்த இடத்தில் பூகம்பத்தைக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. ஒரு வாரத்துக்கு முன், செப்டம்பர் 1-ந் தேதி, ஜப்பானில் டோக்கியோவையும் யோக்கஹாமாவையும் அழித்த பெரும் பூகம்பம் பசிபிக் நீரோட்டங்களைக் குலைத்திருக்கலாம், அதனால் கணக்கு பிசகியிருக்கலாம் என்பது வாதம். அதே செப்டம்பர் 8-ந் தேதி கியூபா என்ற பயணிகள் கப்பல் சற்றுத் தெற்கே ஸான் மிகேல் தீவில் தட்டியதையும் சேர்த்துச் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் இந்த விளக்கத்தில் உள்ள ஆறுதல் எனக்கு உறுத்துகிறது. நீரோட்டம் எவ்வளவு தள்ளியிருந்தாலும் அதன் விளைவைத்தான் ஆர்க்வெல்லோ நிலையம் அளந்து சொல்லிக்கொண்டிருந்தது. கேட்கப்படாத பதிலுக்குப் பூகம்பம் பொறுப்பாகாது.

ஸான்டியாகோவில் விசாரணை மன்றம் கூடிற்று. வாட்ஸன் முழுப் பொறுப்பும் தம்முடையது என்றார். ராணுவ உலகத்தில் அபூர்வமான காரியம் இது, அவர் மீது மரியாதை ஏற்படுகிறது. ஆனால் மன்றத்தின் முன் இருந்த உண்மையான கேள்வி அவரைப் பற்றியதே அல்ல, பின்னால் வந்தவர்களைப் பற்றியது. வரிசையில் வரும் கப்பல் தலைவனைத் தொடர வேண்டும் என்பது சம்பிரதாயம். தன் கப்பலின் பத்திரத்துக்கு அதன் தலைவனே பொறுப்பு என்பதும் சம்பிரதாயம். இரண்டும் ஒரே புத்தகத்தில், ஒரே அழுத்தத்தோடு எழுதப்பட்டவை. சாதாரண நாட்களில் இவை மோதிக்கொள்வதில்லை. அன்று மோதிக்கொண்டன. நிலையம் காற்றில் சொன்ன திசை டெல்ஃபிக்கு மட்டும் கேட்கிற ரகசியம் அல்லவே. கேட்டவனுக்குச் சந்தேகம் வந்திருந்தால் அவன் என்ன செய்திருக்க வேண்டும்?

11 அதிகாரிகள் கோர்ட் மார்ஷலுக்கு அனுப்பப்பட்டார்கள். கடைசியில் தண்டனை நின்றது வாட்ஸனுக்கும் ஹண்ட்டருக்கும் மட்டுமே. பதவி மூப்பில் இறக்கப்பட்டார்கள். நிக்கலஸின் தலைவர் மீதான தீர்ப்பு ரத்தாயிற்று. மற்றவர்கள் விடுதலை. சட்டப்படி இது சரியென்றே நான் சொல்வேன். தலைவனைத் தொடர்ந்ததற்காகத் தண்டித்தால் நாளைக்கு எந்த வரிசையும் நிற்காது. ஆனால் விடுதலை என்பது பதில் அல்ல. பின்தொடர்வதன் வசதி எதில் இருக்கிறது என்றால், தப்பு நேரும்போது அது நம்முடையதாக இராது என்பதில்தான். இந்த வசதிக்கு உள்ள விலையை அந்த மன்றம் விசாரிக்கவில்லை. எந்த மன்றமும் விசாரிப்பதில்லை. நம் இலக்கிய அணிகளுக்கும் இது தெரிந்த விஷயம்தான். விரிக்க விரும்பவில்லை.

அந்த இரவின் இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும். வரிசை உடைந்த நிமிஷத்திலிருந்து மனிதர்கள் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள். யங் கப்பலின் அடிப்பகுதி நீருக்குள்ளிருந்த பாறையில் கிழிந்து, ஓரிரண்டு நிமிஷத்துக்குள் அது வலப்புறமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. அதன் தலைவர் வில்லியம் கால்ஹூன் கடலில் குதிக்க வேண்டாம், கப்பலின் மேலெழுந்த பக்கத்தைப் பற்றிக்கொள்ளுங்கள் என்றார். எண்ணெய் படிந்த வழுக்குத் தகட்டில், கண்ணாடித் துவாரங்களை உடைத்துப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். ஆர்தர் பீட்டர்ஸன் என்ற மாலுமி ஒரு கயிற்றோடு நீந்தி, பக்கத்தில் சிக்கியிருந்த சான்ஸிக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன மிதவை 11 தடவை போய்வந்தது. சுமார் 70 பேர் பிழைத்தார்கள். பீட்டர்ஸனுக்கு முன்னால் போய்க் காட்டியவர் யாரும் இல்லை. இரண்டு கப்பல்களுக்கும் நடுவில் இருந்த நீரை அவர் தம் கண்ணால் பார்த்தார், அவ்வளவுதான்.

சிதைவுகளைக் கடற்படை பழைய இரும்பு வியாபாரிக்கு 1,035 டாலருக்கு விற்றது. ஒவ்வொரு கப்பலும் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டியது. பக்கத்து ஊரான லாம்பாக்கில் டெல்ஃபியின் உந்துவிசிறி ஒன்றை நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

இறந்த 23 பேரில் 20 பேர் யங் கப்பலைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பலர் கீழே, கொதிகலன் அறையிலும் எஞ்சின் அறையிலும் இருந்தவர்கள். சோதனை ஓட்டத்துக்காக 20 நாட் வேகத்தைக் குறையாமல் காத்துக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். மூடுபனியை அவர்கள் பார்க்கவில்லை. முன்னால் போன கப்பலின் விளக்கையும் பார்க்கவில்லை. நிலையம் சொன்ன திசை எது, கணக்கு சொன்ன இடம் எது என்று அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை. பின்தொடர்வதா வேண்டாமா என்ற கேள்வி மேல்தளத்தில் நின்றவர்களுக்குத்தான் இருந்தது. அதற்கான பதிலைக் கொடுத்தவர்கள் கீழே இருந்தார்கள்.