பதக்க ஒதுக்கீடும் போட்டி வடிவமும்: பன்னாட்டு விளையாட்டு ஏற்ற நிர்வாகத்தில் தன்னாட்சியின் எல்லைகள்

2007 ஜனவரி 27 அன்று ஃபிராங்க்ஃபர்ட் நகரில் 48 நாடுகளின் அமைப்புகள் கூடிப் பன்னாட்டு விளையாட்டு ஏற்றக் கூட்டமைப்பை (ஐ.எஃப்.எஸ்.சி.) நிறுவியபோது, ஏறுதல் போட்டிகள் மலையேற்றத்தின் ஒரு கிளை என்னும் நிலையிலிருந்து விலகித் தனி விளையாட்டாயின. இதனை ஒரு தன்னாட்சியின் தொடக்கமாகக் கருதுவதே வழக்கம். ஆயினும் அடுத்து வந்த ஆண்டுகளின் போக்கை ஆராயும்போது, போட்டியின் வடிவத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் மலையேற்றச் சங்கங்களின் கையிலிருந்து நழுவிப் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் பதக்க ஒதுக்கீட்டுக்குள் சென்று சேர்ந்தது என்பதும், கூட்டமைப்பு தானே முழுமையாக முடிவெடுக்கக்கூடிய துறைகளில் அது காலந்தாழ்த்தியது என்பதும் தெளிவாகின்றன.

1932இல் ஷமோனியில் தோன்றிய பன்னாட்டு மலையேற்றச் சங்கங்களின் ஒன்றியம் (யு.ஐ.ஏ.ஏ.), கயிறு, கொக்கி முதலிய கருவிகளின் பாதுகாப்புத் தரம், மலைச்சூழல் ஆகியவற்றில் அக்கறை கொண்ட அமைப்பு, போட்டி நடத்துவது அதன் பிறவிக் குணம் அன்று. 1985இல் இத்தாலியின் பார்தொனேக்கியா அருகே இயற்கைப் பாறையிலேயே பன்னாட்டுப் போட்டி நடந்தது. அதே ஆண்டில் பிரான்சின் முன்னணி ஏறுநர் பத்தொன்பது பேர் போட்டிகளை எதிர்த்து அறிக்கை வெளியிட்டனர். அவர்களுடைய எதிர்ப்பு போட்டியைத் தடுக்கவில்லை. ஆனால் போட்டி பாறையை விட்டுச் செயற்கைச் சுவருக்கு விரைவில் இடம்பெயர்ந்தது. 1989இல் உலகக் கோப்பைத் தொடரும், 1991இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் முதல் உலக வாகையர் போட்டியும் நடைபெற்றன. நடுவர் பயிற்சி, ஊக்கமருந்துச் சோதனை, ஒளிபரப்பு, ஒலிம்பிக் அங்கீகாரம் எனப் பணிகள் பெருகியபோது, ஒன்றியம் தானே முன்வந்து போட்டிப் பிரிவைப் பிரித்துவிட்டுப் பனியேற்றப் போட்டிகளை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. உலக அளவில் நிகழ்ந்த இப்பிரிவு நாடுகளுக்குள் முழுமையாக நிகழவில்லை என்பதும் இங்குக் குறிக்கத்தக்கது: ஜெர்மனியில் ஆல்பைன் சங்கமும் இந்தியாவில் இந்திய மலையேற்ற அறக்கட்டளையுமே இன்றும் இவ்விளையாட்டின் தேசிய அமைப்புகளாக இருக்கின்றன.

இவ்விளையாட்டில் நிர்வாகத்தின் பங்கு பிற விளையாட்டுகளைக் காட்டிலும் ஆழமானது. கயிற்றுடன் உயரமான சுவரில் ஆறு நிமிடங்களுக்குள் எவ்வளவு மேலே செல்ல முடியும் என்று அளக்கும் ‘லீட்’ பிரிவிலும், கயிறின்றித் தாழ்ந்த சுவரில் கடினமான சிறு தடங்களைத் தீர்க்கும் ‘போல்டரிங்’ பிரிவிலும், ஒவ்வொரு போட்டிக்கும் புதிய தடம் அமைக்கப்படுகிறது. ‘ஸ்பீட்’ எனப்படும் விரைவேற்றத்தில் மட்டுமே 15 மீட்டர் உயரமும் 5 பாகைச் சாய்வும் கொண்ட சுவரில் உலகெங்கும் ஒரே அமைப்பில் பிடிகள் பொருத்தப்படுகின்றன. ஆகவே முதலிரு பிரிவுகளில், யாருடைய உடலுக்கும் உத்திக்கும் வாய்ப்பு மிகும் என்பதைத் தடம் அமைப்போரின் தீர்ப்பு பெருமளவு முடிவுசெய்கிறது. பாரிஸ் ஒலிம்பிக் இறுதிச்சுற்றில் 154 சென்டிமீட்டர் உயரமுள்ள ஜப்பானியர் ஐ மோரி, ஒரு போல்டர் தடத்தின் தொடக்கப் பிடியையே எட்ட முடியாமல் சுழியம் பெற்றார். லீட் பிரிவில் அன்று அவரே முதலிடம், மொத்தத்தில் நான்காமிடம்.

ஒதுக்கீட்டின் ஆதிக்கம் மிகத் தெளிவாகப் புலப்பட்டது டோக்கியோவில். 2016 ஆகஸ்டில் ஐந்து விளையாட்டுகளுள் ஒன்றாக ஏற்றம் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தலா ஒரு பதக்கத் தொகுதியும் இருபது இடங்களுமே கிடைத்தன. மூன்று பிரிவுகளில் எதையும் கைவிட விரும்பாத கூட்டமைப்பு, மூன்றிலும் பெற்ற தரவரிசை எண்களைப் பெருக்கி, மிகக் குறைந்த தொகை பெறுபவரே வெற்றியாளர் என வகுத்தது. விரைவேற்றத்துக்கும் மற்ற இரண்டுக்கும் பயிற்சி முறையே வேறு என்பதால் இது ஏறுநர் பலருடைய எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. கணித வகையிலும் இதில் பெருங்குறை இருந்தது. ஆடவர் இறுதியில் ஸ்பெயினின் அல்பெர்ட்டோ ஹினேஸ் லோபெஸ் விரைவேற்றம், போல்டரிங், லீட் ஆகியவற்றில் முறையே 1, 7, 4 ஆகிய இடங்களுடன் 28 பெற்றுத் தங்கம் வென்றார். செக் நாட்டின் ஆடம் ஓந்த்ரா 4, 6, 2 ஆகிய இடங்களுடன் 48 பெற்று ஆறாமிடம் அடைந்தார். இறுதியாக லீட் ஏறிய ஆஸ்திரியாவின் யாக்கோப் ஷூபர்ட் ஓந்த்ராவைவிட ஒரு படி குறைந்து இரண்டாமிடம் பெற்றிருந்தால், ஓந்த்ராவின் பெருக்கல் தொகை 24ஆகி, ஹினேஸ் லோபெஸின் 28 மாறாத நிலையிலும் தங்கம் ஓந்த்ராவுக்குச் சென்றிருக்கும். இருவருள் யார் சிறந்தவர் என்பது மூன்றாமவர் ஒருவரின் ஏற்றத்தைப் பொறுத்து அமையும் முறையை நேர்மையான அளவுகோல் என்று ஏற்க இயலாது.

பாரிஸில் விரைவேற்றத்துக்குத் தனிப் பதக்கம் கிடைத்தது, இடங்களும் 68 ஆயின. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் மூன்று பிரிவுகளுக்கும் தனித்தனிப் பதக்கங்கள் உண்டு. ஒவ்வொரு திருத்தமும் ஒலிம்பிக் ஒதுக்கீடு விரிந்த பின்னரே நிகழ்ந்தது. ஒலிம்பிக் இணைப்பு தீமை மட்டுமே என்று இதனைக் கொண்டு முடிவுகட்டுவதும் பிழையாகும். பாரிஸில் வெத்ரிக் லெயோனார்டோ வென்ற தங்கம், பூப்பந்துக்கு வெளியே இந்தோனேசியா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம். ஆல்ப்ஸ் நாடுகளில் கருக்கொண்ட ஒரு விளையாட்டு அவ்வளவு தொலைவு பரவியதில் ஒலிம்பிக் மேடைக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆனால் ஏறுநரின் உடல்நலம் என்னும் துறையில் வெளியாரின் ஒதுக்கீட்டைக் காரணம் காட்ட வழியில்லை. எடை குறையக் குறைய ஏற்றம் எளிதாகும் இவ்விளையாட்டில், உடல் செலவிடும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாமையால் எலும்பும் இயக்குநீர்ச் சமநிலையும் சிதையும் நோய்நிலை நெடுங்காலமாக அறியப்பட்டது. கூட்டமைப்பு போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று கூறி 2023இல் மருத்துவ ஆணையத்தின் மருத்துவர் இருவர் பதவி விலகினர். அதன் பின்னரே, தேசிய அமைப்புகள் உடல்நலச் சான்று அளித்தால் மட்டுமே பன்னாட்டுப் போட்டி உரிமம் வழங்கும் விதி 2024இல் வந்தது. ஒரு விதி எழுதுவதற்கு இரு மருத்துவர்களின் பதவி விலகல் தேவைப்பட்டது என்பது நிர்வாகத்தின் மீதான கடும் குற்றச்சாட்டே ஆகும். பதக்க எண்ணிக்கை பற்றிய பேரத்தில் கூட்டமைப்பின் கைகள் கட்டப்பட்டிருந்தன என்பதை ஏற்கலாம். தடம் அமைப்பிலும் உடல்நலக் காப்பிலும் அவை கட்டப்படவில்லை. எனவே மருத்துவ ஆணையத்தின் தீர்ப்பையும் ஏறுநர் ஆணையத்தின் கருத்தையும் பரிந்துரை என்ற நிலையிலிருந்து உயர்த்தி, கட்டுப்படுத்தும் முடிவுகளாகக் கூட்டமைப்பின் சட்டத்திலேயே எழுத வேண்டும்.