விளக்கமோ திருத்தமோ? – கிறித்தவக் கோட்பாடு வளர்ந்த வரலாறு

நாம் பணிபுரியும் அலுவலகப் பிரிவில் கிறித்தவ அன்பர் இருவர் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்துள்ளனர். ஒருவர் தூத்துக்குடியிலிருந்து தலைநகருக்கு வந்த கத்தோலிக்கர். மற்றவர் கோட்டயத்துச் சுரியானிக் கிறித்தவர். பகலுணவு வேளையில் ஒரே புட்டியின் ஊறுகாயைப் பகிர்ந்துண்ணும் நட்பு அவர்களுடையது. ஒருநாள் அவ்விருவருக்குமிடையே ஒரு வழக்கு மூண்டது. இருவரும் தத்தம் கோயிலில் ஓதுவது 4-ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பெற்ற ஒரே விசுவாசப் பிரமாணம். ஆயினும், தூய ஆவியானவர் தந்தையிடமிருந்து புறப்படுகிறார் எனக் கோட்டயத்தார் ஓதுமிடத்தில், தூத்துக்குடியார் 'மகனிடமிருந்தும்' என ஒரு சொல்லை மிகுத்து ஓதுகிறார். "நீங்கள் சேர்த்துவிட்டீர்கள்" என்றார் முன்னவர். "சேர்க்கவில்லை, உள்ளதை விளக்கினோம்" என்றார் பின்னவர். சைவராகிய நம்மை நடுவராக்கி இருவரும் நம் முகம் பார்த்தனர். விடை கூற இயலாமல் நாம் நூலகத்தை நாடினோம். அத்தேடலின் பயனே இக்கட்டுரை.

அரசு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு உழலும் நமக்கு இவ்வகை வழக்கு புதிதன்று. விதியொன்று பிறந்தபின் அதனைத் தொடர்ந்து இருவகை ஆணைகள் வரும். ஒன்று திருத்தம், அது விதியை மாற்றும். மற்றொன்று விளக்கம், அது எதனையும் மாற்றுவதில்லை, விதியின் பொருள் தொடக்கமுதல் இதுவே என்று கூறும். ஏட்டளவில் இவ்வேறுபாடு தெளிவானது. நடைமுறையிலோ, திருத்தம் பலமுறை விளக்கத்தின் உடையணிந்து வரும் என்பதை ஓய்வூதியக் கணக்குப் பார்த்தவர் அனைவரும் அறிவர்.

கிறித்தவ சமயம் தன் விசுவாசம் திருத்தூதர்களிடம் ஒரே முறையில் ஒப்படைக்கப்பெற்றது எனக் கொள்கிறது. அங்ஙனமாயின் திருத்தத்திற்கு அங்கு இடமில்லை. ஆனால் அச்சமயத்தின் கோட்பாட்டுச் சொற்களுள் பல, திருத்தூதர் காலத்திற்குச் சில நூற்றாண்டுகள் பின்னர் எழுந்தவை. அவை விளக்கமா, உடை மாற்றிய திருத்தமா? பழஞ்சொல்லை மாற்றாது பிடித்திருந்தவர்களே பழம்பொருளையும் காத்திருப்பர் என எண்ணியே நூல்களைத் திறந்தோம். 4-ஆம் நூற்றாண்டின் வரலாறு அதற்கு நேர்மாறாகப் பேசிற்று.

எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்னும் குரு ஒருவர் இருந்தார். (நம்மவர் நன்கறிந்த 'ஆரியர்' என்னும் இனப்பெயருக்கும் இவருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.) தொடக்கமற்றவர் தந்தை ஒருவரே, மகன் படைப்புகளுக்கெல்லாம் தலையாயவரேனும் படைக்கப்பெற்றவரே என்பது அவர் போதனை. இதனால் எழுந்த பூசலைத் தீர்க்கப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 325-இல் ஆயர்களை நைசியா நகருக்கு அழைத்தார். இன்று துருக்கியில் இஸ்னிக் எனப்படும் சிற்றூர் அது. வந்தவர் தொகை 318 என்பது மரபு. உடனிருந்தோர் எழுதிவைத்த எண்களோ தம்முள் ஒவ்வா.

அங்கு கூடியோர்க்கு ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. மறைநூலிலிருந்து எச்சொல்லை எடுத்து நீட்டினும், ஆரியுஸின் சார்பினர் அதற்குத் தம் பொருளைக் கற்பித்து ஏற்றுக்கொண்டனர். ஆகவே மறைநூலில் இல்லாத ஒரு சொல்லை ஆயர்கள் நாடினர். அதுவே 'ஹோமோஊசியோஸ்', தந்தையோடு ஒரே உள்பொருள் உடையவர் மகன் என்பது அதன் கருத்து. மறைநூலில் இல்லை என்பது மட்டுமன்று அச்சொல்லின் குறை. ஏறத்தாழ 268-இல் அந்தியோக்கியாவில் கூடிய ஆயர்கள், வேறொருவர் அதனைத் தவறான பொருளில் ஆண்டார் என்பதற்காக அதே சொல்லை விலக்கியிருந்தனர். அன்று விலக்கிய சொல் ஐம்பத்தேழு ஆண்டுகளில் விசுவாசத்தின் காவற்சொல்லாயிற்று! மேலோட்டமாகக் கோப்பைப் படிப்பவர், முன்னுக்குப்பின் முரண் என்று விளிம்பில் சிவப்பு மையால் குறித்துவிடுவார். 268-இல் விலக்கப்பெற்ற கருத்தும் 325-இல் ஏற்கப்பெற்ற கருத்தும் வெவ்வேறு என்பது உள்ளே புகுந்து படிப்பவர்க்கே புலப்படும்.

சங்கத்தின் முடிவில் கையொப்பமிட மறுத்த ஆயர் இருவரும் ஆரியுஸும் நாடுகடத்தப்பெற்றனர். வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை, அங்குதான் தொடங்கிற்று. நைசியாவில் திருத்தொண்டராக நின்ற அத்தனாசியார் 328-இல் அலெக்சாந்திரியாவின் ஆயரானார். அச்சொல்லின் பொருட்டு ஐந்துமுறை துரத்தப்பெற்று, ஏறத்தாழ பதினேழு ஆண்டுகளை நாடு கடந்தோ பாலைநிலத்தில் மறைந்தோ கழித்தார். 359-இல் மேற்கே ரிமினியிலும் கிழக்கே செலூக்கியாவிலும் ஆயர்கள் கூட்டப்பெற்றபோது, அரசவையின் ஆதரவுபெற்ற சமாதான வாசகம் ஒன்று முன்வைக்கப்பெற்றது. 'ஊசியா' என்னும் சொல் மறைநூலில் இல்லை, மக்களைக் குழப்புகிறது, ஆதலின் அதனை விட்டொழிப்போம், மகன் தந்தையை ஒத்தவர் என்றால் போதும் என்பது அதன் சாரம். பழமைக்கு எத்துணை மதிப்பளிக்கும் குரல்! ஆனால் 'ஒத்தவர்' என்பதில் யாவரும் தத்தம் கொள்கையை ஒளித்துவைக்கலாம். எவரும் மறுக்காத வண்ணம் எழுதப்பெறும் குறிப்பு எதனையும் தீர்மானிப்பதில்லை. அத்தகைய குறிப்புகளை நாமும் மேலிடத்திற்கு எழுதியனுப்பியிருக்கிறோம். மறைநூற் சொல் மட்டும் போதுமென்றவர் கையிலிருந்து மறைநூற் பொருள் நழுவிற்று என்பதே நம் துணிபு.

இனி, இவ்வரலாற்றில் நம்மை மிகவும் கவர்ந்த நிகழ்ச்சிக்கு வருவோம். 'ஹிப்போஸ்தாசிஸ்' என்றொரு கிரேக்கச் சொல். 325-இன் பிரமாணத்தோடு இணைந்த கண்டனப் பகுதி அதனையும் 'ஊசியா'வையும் ஒரே பொருளுடையனவாக ஆண்டது. மகன் வேறு ஹிப்போஸ்தாசிஸிலிருந்து வந்தவர் என்போரைக் கண்டித்தது. ஆனால் கீழைநாட்டு அறிஞர் பலர் தந்தை, மகன், ஆவி ஒவ்வொருவரையும் குறிக்க அதே சொல்லை ஆண்டுவந்தனர். ஆகவே 'ஒன்று' என்போரும் 'மூன்று' என்போரும் ஒருவரையொருவர் பிழைபட்டோர் என ஒதுக்கினர். 362-இல், நாடுகடத்தலினின்று மீண்ட அத்தனாசியார் அலெக்சாந்திரியாவில் ஒரு சிறு கூட்டத்தைக் கூட்டினார். 'மூன்று' என்போரை அழைத்து, கடவுளர் மூவர் என்கிறீர்களா என வினவினர். இல்லை என்றனர் அவர்கள். 'ஒன்று' என்போரை அழைத்து, மகனும் ஆவியும் வெறும் பெயரளவினர் என்கிறீர்களா என வினவினர். இல்லை என்றனர் அவர்களும். இரு சாராரும் மற்றவர் கருதிய பொருளைக் கேட்டறிந்து அதுவே தம் பொருளும் என ஒப்பினர். அக்காலத்துச் சமயப்பூசலில் எதிராளியைப் பார்த்து 'நீர் இதனால் கருதுவது யாது' என்று அமைதியாக வினவியவர் மிகச் சிலரே. முப்பது ஆண்டுகள் ஒரு சொல்லுக்காகத் துன்புற்றவரே அவ்வாறு வினவினார் என்பது எண்ணத்தக்கது.

அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் 'ஒரே ஊசியா, மூன்று ஹிப்போஸ்தாசிஸ்' என்பது திருச்சபையின் நிலைத்த வழக்காயிற்று. 325-இன் கண்டனத்தை எழுத்தளவில் படித்தால் இவ்வழக்கே கண்டனத்திற்குள் அகப்படும். ஆயினும் நைசியாவின் விசுவாசத்தைக் காக்கவே இதனைச் சொல்கிறோம் என்றனர் அதனைச் சொன்னோர். 362-இன் வினாவிடைகளைப் படித்தபின் நம்மால் அதனை மறுக்க இயலவில்லை.

இன்னொரு பூசல் வேற்றுமை உருபு பற்றியது; தமிழிலக்கணம் கற்றோர்க்கு இது சுவைமிக்கது. செசரியாவின் ஆயர் பசிலியார், 'மகன் வழியாக, ஆவியில்' தந்தைக்கு மகிமை என்னும் பழைய வாசகத்தோடு, 'மகனோடும் ஆவியோடும்' என்றும் ஓதினார். புதுமை புகுத்துகிறார் என முறையீடு எழுந்தது. அதற்கு மறுமொழியாகவே ஏறத்தாழ 375-இல் தூய ஆவியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 'ஓடு' உருபின் உடனிகழ்ச்சிப் பொருளை நாம் மூன்றாம் வேற்றுமையில் கற்றோம். கிரேக்கத்தில் அதற்கிணையான சொல்லுக்காக ஒரு முழு நூல் பிறந்தது. ஆவியைக் 'கடவுள்' என நேரே கூறும் சொல்லை அந்நூலில் அவர் ஆளவில்லை. சம மதிப்பு உரியது எனக் காட்டி அமைந்தார். வெளிப்படக் கூறியவர் அவர் நண்பர் நசியான்சு கிரகோரியார். இறைவன் தன்னைப் படிப்படியாகவே வெளிப்படுத்துகிறார். முதலில் தந்தை தெளிவாகவும் மகன் மங்கலாகவும், பின்னர் மகன் தெளிவாகவும் ஆவி மங்கலாகவும் அறிவிக்கப்பெற்றனர் என அவர் காரணங் காட்டினார். 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய 150 ஆயர்களின் பெயரால் வழங்கும் பிரமாணம் ஆவியைப் பற்றிய பகுதியை விரித்தது. அங்கு பசிலியார் வாதாடிய அந்த 'ஓடு' ஏறிற்று. அதனைக் காண அவர் உயிரோடில்லை.

இவ்வளர்ச்சிக்கு இலக்கணம் வகுத்தோரும் உளர். தென் கால் நாட்டையடுத்த லெரின்ஸ் தீவின் துறவி வின்சென்ட், ஏறத்தாழ 434-இல், குழந்தை ஆளாகும்போது உறுப்புகள் பெருக்கின்றனவேயன்றிப் புதிய உறுப்பு முளைப்பதில்லை என உவமை கூறினார். 1845-இல் ஆங்கிலேயராகிய ஜான் ஹென்றி நியூமன் இப்பொருளையே தனி நூலாக எழுதி ஏழு சோதனைகளை வகுத்தார். அந்நூலை எழுதுங்காலையிலேயே ஆங்கிலிக்கன் சபையை விட்டுக் கத்தோலிக்கரானார். 2019-இல் புனிதராக அறிவிக்கப்பெற்றார். பின்வந்தது முன்னதைக் காக்கிறதா, கரைக்கிறதா என்பது அவர் சோதனைகளுள் ஒன்று. நம் சிற்றறிவுக்கு அது சிறந்ததே; ஆயினும் திரும்பி நோக்குவோர்க்கே அது பயன்படும். 359-இல் ரிமினியில் குழம்பி நின்ற ஓர் எளிய ஆயருக்கு அது வழிகாட்டியிராது.

நம் நண்பர்களின் சொல்லுக்கு வருவோம். 'மகனிடமிருந்தும்' என்னும் சேர்க்கையை மரபு ஸ்பெயினின் தொலேதோ நகரில் 589-இல் கூடிய சங்கத்தோடு இணைக்கிறது. ஆரியுஸின் கொள்கையினின்று அப்போதுதான் மீண்ட நாடு அது; மகன் தந்தைக்குச் சமமானவர் என வலியுறுத்துவதே அங்கு நோக்கம். ஏறத்தாழ 810-இல் போப்பாண்டவர் மூன்றாம் லியோ அக்கருத்தை ஏற்றும், பிரமாணத்தில் அச்சொல்லைச் சேர்க்க இசையவில்லை. சேர்க்கையற்ற பழைய வாசகத்தைக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் வெள்ளித் தகடுகளில் பொறித்து உரோமையில் நிறுவினார். எனினும் 1014-இல், இரண்டாம் ஹென்றி பேரரசராக முடிசூடியபோது, உரோமையிலேயே அச்சொல் ஏறிற்று. கீழைச் சபைகள் கருத்தையும் மறுத்தன, முறையையும் மறுத்தன. கருத்தைத் தீர்க்க நாம் யார்? முறையைப் பற்றிச் சொல்லலாம். இரு தரப்பார் கையொப்பமிட்ட ஆவணத்தில் ஒரு தரப்பார் மட்டும் ஒரு சொல்லை ஏற்றினால், அச்சொல் மெய்யேயாயினும் ஆவணம் பழுதுபடும்.

கோட்டயத்து நண்பரின் சபைக்குப் பிறிதொரு புண்ணும் உண்டு. 451-இல் கால்செதோன் சங்கம், கிறிஸ்து இறையியல்பு, மனித இயல்பு என்னும் இரு இயல்புகளில் அறியப்பெறும் ஒருவர் என்றது. 'ஒரே இயல்பு' என்னும் பழஞ்சொல்லை விடாத எகிப்தியரும் ஆர்மீனியரும் சுரியானியருட் பலரும் பிரிந்தனர். 1665-இல் மார் கிரகோரியோஸ் என்னும் ஆயர் கேரளம் வந்தது முதல் அச்சுரியானி மரபு மலையாள மண்ணில் வேரூன்றிற்று. 1984-இல் போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுலும் அந்தியோக்கியாவின் சுரியானி மறைமுதல்வர் முதலாம் சாக்காவும் கூட்டறிக்கை வெளியிட்டனர்: பண்டைய பிரிவினை சொல்லாட்சியாலும் பண்பாட்டாலும் விளைந்தது, விசுவாசத்தின் சாரத்தை அது தொடவில்லை. அலெக்சாந்திரியாவில் ஒரே கூட்டத்தில் கேட்டறிந்ததை இங்கே கேட்டறிய 1,533 ஆண்டுகளாயின.

தமிழிலும் இச்சமயத்தின் சொற்கள் நின்றபடி நிற்கவில்லை. 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய நூலின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. பின்னர்க் கத்தோலிக்கர் 'சர்வேசுரன்' என்றனர். பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். 1871-இன் மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. 1995-இல் வந்த 'திருவிவிலியம்' 'கடவுள்' என்கிறது. தூத்துக்குடி நண்பரின் பாட்டியார் தூய ஆவியை 'இஸ்பிரீத்து சாந்து' என்றே அழைத்தவராம். தலைநகரில் பிறந்து தமிழ் எழுத்தறியாத நண்பரின் மகள், தமிழ்ச் செபத்தை நாகரி எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கிறாள். கோடை விடுமுறைக்கு ஊர் சென்றபோது கிழவியாரும் குழந்தையும் அருகருகே முழங்காலிட்டு, அவரவர் சொல்லில் செபமாலை சொன்னதாக நண்பர் கூறினார். கிழவியார் நடுவில் நிறுத்தி, "இவள் யாரைக் கும்பிடுகிறாள்?" எனக் கேட்டாராம். நண்பர் விளக்கினார். கிழவியார் சற்று நேரம் குழந்தையின் வாயையே பார்த்திருந்துவிட்டு, விட்ட மணியிலிருந்து தொடர்ந்தாராம். தலைநகரில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அதனைக் கேட்டபோது நெஞ்சு கனத்தது.

நாம் கண்டவற்றை நண்பர் இருவருக்கும் பகலுணவு வேளையில் எடுத்துரைத்தோம். தீர்ப்பு வழங்கவில்லை. கோட்டயத்தார் 362-இன் கதையை மட்டும் மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னார். அடுத்த திங்களில் ஒரு ஞாயிறன்று தூத்துக்குடி நண்பரின் மகளுக்குப் புதுநன்மை. தமிழ்த் திருப்பலிக்கு நாமும் சென்றிருந்தோம். கோட்டயத்தாரும் குடும்பத்தோடு வந்திருந்தார். பிரமாணம் தொடங்கியதும் அனைவரும் எழுந்தனர். அவர் நம் அருகில் நின்று மலையாளத்தில் மெல்ல ஓதிவந்தார். அந்த இடம் வந்தது. ஒரு சொல்லின் அளவு வாய்மூடி நின்று, தமிழில் அது கடந்து சென்றதும், மீண்டும் எல்லாரோடும் சேர்ந்துகொண்டார்.