சத்தியம் யார் சொன்னால் செல்லும்?

நேயர்களே, லயத்து வீட்டில் ஒரு பொருள் காணாமற் போனால் என்ன நடக்கும்? "நீ எடுக்கவில்லையென்றால் மாரியம்மன் கோயிலுக்கு வா; சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணு" என்பார்கள். குற்றமற்றவர் துணிந்து செய்வார். குற்றம் புரிந்தவர் ஆத்தாளுக்கு அஞ்சிப் பின்வாங்குவார். இது நம் பெரியவர்கள் போட்ட கணக்கு. தெய்வ பயம் இருந்தால்தான் வாய்மை நிலைக்கும் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. அப்படியானால், தெய்வ நம்பிக்கை இல்லாதவரின் சொல்லை நம்பலாமா, கூடாதா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நீதிமன்றங்களையும் பாராளுமன்றத்தையும் உலுக்கிய கேள்வி இது. அந்த வரலாற்றை இன்று காண்போம்.

அந்நாளில் ஆங்கிலேய நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவர் கடவுள் பெயரால் ஆணையிட வேண்டும். ஆணையிடுவதே பாவம் என்று கருதிய குவேக்கர் என்னும் கிறிஸ்துவப் பிரிவினர் வெறும் உறுதிமொழி கூறச் சட்டம் இடங்கொடுத்தது. கடவுளை நம்பாதவருக்கோ எந்த வழியும் இல்லை. 1861இல் ராச்டேல் நகரப் பெண் ஒருவர் தம் பொருளை மீட்க வழக்காடினார். அவருடைய நம்பிக்கையைப் பற்றி நீதிபதி கேட்டார். தமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அவருடைய சாட்சியம் தள்ளப்பட்டது; வழக்கும் தோற்றது.

இதில் உள்ள முரண்பாட்டைக் கவனியுங்கள். "நம்புகிறேன்" என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அப்பெண்ணின் சாட்சியம் ஏற்கப்பட்டிருக்கும். உண்மை சொன்னதனால் தள்ளப்பட்டது! பொய்யரைத் தடுக்க வந்த சட்டம், பொய்யரை உள்ளே விட்டு, மெய்யரை வெளியே நிறுத்தியது. தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இலேயே இக்குறையை எடுத்துக் காட்டியிருந்தார். பத்தாண்டுகள் சென்று, 1869இல்தான் நம்பிக்கையற்றோரும் உறுதிமொழி கூறிச் சாட்சியளிக்கச் சட்டம் வழிவிட்டது.

நீதிமன்றக் கதவு திறந்தது. பாராளுமன்றக் கதவு திறக்கவில்லை. அதைத் தட்டியவர் சார்லஸ் பிராட்லா. 1833இல் லண்டனில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் ஞாயிற்றுப் பள்ளியில் போதித்தவர். வேதத்தைப் பற்றிக் கேள்விகள் எழுப்பியதால் வீட்டையே விட்டு வெளியேற நேர்ந்தது. 1880இல் காலணித் தொழிலாளர் நிறைந்த நார்த்தாம்டன் தொகுதி மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். கடவுள் பெயரால் ஆணையிடாமல் உறுதிமொழி கூற அவர் அனுமதி கேட்டார், தடை எழுந்தது. ஆணையிடவும் இசைந்தார். ஆனால், அவ்வாசகத்தின் சில சொற்கள் தமக்குப் பொருளற்றவை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். அதுவே அவருக்கு எதிராயிற்று!

அன்றே வாய்மூடி இருந்திருந்தால் அவருக்குத் தொல்லையில்லை. பேசியதால் ஆறாண்டுப் போராட்டம். 1880 ஜூனில் பாராளுமன்ற மணிக்கூண்டில் ஓர் இரவு காவலில் வைக்கப்பட்டார். 1881 ஆகஸ்டில் காவலர்கள் அவரை அவையிலிருந்து இழுத்து வெளியேற்றினர். ஆனாலும் நார்த்தாம்டன் மக்கள் அவரைக் கைவிடவில்லை. 1881, 1882, 1884, 1885 என்று மீண்டும் மீண்டும் அவரையே அனுப்பினர்.

இங்கே ஒன்றை நாம் மறக்கலாகாது. அவருக்காக வாதாடியவர்களில் ஆழ்ந்த பக்தர்களும் இருந்தனர். பிரதமர் கிளாட்ஸ்டன் சிறந்த கிறிஸ்துவ பக்தர். உறுதிமொழி கூறும் உரிமையை எல்லார்க்கும் வழங்கும் மசோதாவுக்காக 1883இல் அவரே நெடிதாகப் பேசினார். மூன்றே வாக்குகளில் மசோதா தோற்றது. கடவுளை மறுத்தவரும் கடவுளை வணங்கியவரும் ஒரே நியாயத்துக்காக நின்றார்கள்.

1886இல் பிராட்லா அவையில் அமர்ந்தார். 1888இல் அவர் கொண்டுவந்த சட்டத்தால் எவரும் உறுதிமொழி கூறும் உரிமை பெற்றனர். 1889இல் பம்பாய்க் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்து, இந்தியருக்காகக் குரல் கொடுத்தார். 1891 ஜனவரி 27இல், அவரைத் தடுத்த பழைய தீர்மானத்தைப் பாராளுமன்றம் தன் குறிப்பேட்டிலிருந்து நீக்கியது. அந்நேரம் அவர் மரணப் படுக்கையில் கிடந்தார். மூன்று நாளில் காலமானார். அவருடைய இறுதிச் சடங்குக்குச் சென்றவர்களில் ஓர் இந்திய மாணவரும் இருந்தார். வாய்மையையே கடவுள் என்று பின்னாளில் போற்றிய மோகன்தாஸ் காந்திதான் அவர்.

நேயர்களே, பக்தி வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. பலருக்கு அது நல்வழி காட்டும் விளக்கு. அந்த விளக்கொளியில்தான் கிளாட்ஸ்டன் நியாயத்தைக் கண்டார். ஆனால், வேறு விளக்கைப் பிடித்து நடப்பவரும் நேர்வழியில் நடக்கக்கூடும். பால் நிறுக்கும் இடத்தில் கங்காணி பார்க்காதபோதும் அடுத்தவர் வாளியைத் தொடாத கை நேர்மையான கை. அந்தக் கை சூடம் அணைத்த கையா என்று கேட்பதற்கு முன், அது என்ன செய்தது என்று பார்ப்போம். மனிதரை அளக்க அதுவே சரியான தராசு.